மண்பாண்டத்தில் வைத்த பத்திரம்

சபையொன்று பவள விழாவோ நூற்றாண்டு விழாவோ கொண்டாடும்போது, அத்துடன் மலர் ஒன்றும் வெளியிடப்படுவது நம் திருச்சபைகளில் வழக்கமாகிவிட்டது. இம்மலர்களின் அமைப்பை வாசகர் யாவரும் அறிவர். முதலில் பேராயரின் வாழ்த்துரை, பின்பு ஊர்ப் பிரமுகர்களின் வாழ்த்துரைகள், தொப்பியணிந்த மிஷனெரியின் நிழற்படம், இதுகாறும் ஊழியம் செய்த ஆயர்களின் பட்டியல், ஆலயக் கட்டடக் கணக்கு, இறுதியில் விளம்பரங்கள். இவற்றுக்கு நடுவே, 'நம் சபையின் வரலாறு' என்னும் தலைப்பில் ஐந்தாறு பக்கங்கள் இருக்கும். அவ்வைந்தாறு பக்கங்களைப் பற்றியும், அவற்றில் இடம்பெறாமற் போனவற்றைப் பற்றியும் சில கருத்துக்களை இங்கு முன்வைக்க விரும்புகிறோம்.

நாம் களமாக எடுத்துக்கொள்வது ஓசூர்–கிருஷ்ணகிரிப் பகுதி. இங்கு நாம் சில ஆண்டுகள் ஊழியம் செய்தோம் என்பது ஒரு காரணம். தமிழகத்தில் நிலமும் மொழியும் மக்களும் மிக விரைவாக மாறிவரும் பகுதிகளுள் இதுவும் ஒன்று என்பது மற்றொரு காரணம். 1792-இல் பாராமகாலும், 1799-இல் ஓசூர் மேட்டுநிலமாகிய பாலாகாட்டும் கும்பினியார் வசமாயின. நெடுங்காலம் சேலம் மாவட்டத்தில் இருந்த இப்பகுதி 1965-இல் தருமபுரி மாவட்டத்திற்கும், 2004-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்திற்கும் உரியதாயிற்று. 1971-இல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனம் ஓசூரில் தொழிற்பேட்டை அமைத்தது. 1980-ஐ ஒட்டி அசோக் லேலண்ட், டி.வி.எஸ். ஆலைகளும், அப்பத்தாண்டு முடிவதற்குள் டைட்டன் கைக்கடிகார ஆலையும் இயங்கத் தொடங்கின. 2019-இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. இவ்வளவு மாற்றங்களைக் கண்ட ஊரில் பழைய தாள் ஒன்று தப்பியிருப்பதே அரிது.

1. மலர்களின் வரலாறு

மலர்களைப் பழிப்பது நம் நோக்கமன்று. பல சபைகளுக்கு அச்சில் உள்ள ஒரே வரலாறு அதுவே. எனினும் மூன்று குறைகளை எடுத்துக்காட்டாமல் இருக்க இயலாது.

முதலாவது, இவ்வரலாறுகள் மிஷனெரியின் வருகையோடு தொடங்குகின்றன. கிருஷ்ணகிரியின் லுத்தரன் சபை வரலாற்றை எடுத்துக்கொள்வோம். லைப்சிக் மிஷனிலிருந்து விலகிய தியோடர் நேத்தர், ஃபிரான்ஸ் மோன் என்னும் இருவரை அமெரிக்க மிசூரி சினாடு 1894-இல் பிரதிஷ்டை செய்து அனுப்பியது. 1895-இல் நேத்தர் கிருஷ்ணகிரியில் பணியைத் தொடங்கினார். 1904-இல் பிளேக் நோய்க்கு அவர் இரையானார். இவை உண்மையான செய்திகள்; நன்றியோடு நினைக்கத்தக்கவை. ஆனால் அதே கொள்ளைநோயில் இவ்வூர்களில் மாண்ட உபதேசியார்கள், அவர்தம் மனைவியர், பிள்ளைகள் ஆகியோரின் பெயர்களை எந்த மலரில் தேடுவது? மிஷனெரி வந்திறங்கியபோது அவருக்குத் தங்க இடம் காட்டியவர் யார், மொழிபெயர்த்தவர் யார், முதன்முதல் தண்ணீர் கொடுத்தவர் யார் என்பவை 'உள்ளூரார் சிலர்' என்னும் இரு சொற்களுள் அடங்கிவிடுகின்றன.

இரண்டாவது, ஆயர்களையும் கட்டடங்களையும் எண்ணுவதே வரலாறு எனக் கொள்ளப்படுகின்றது. கோபுரம் எழுப்பப்பட்ட ஆண்டை மலர் சொல்லும். கோபுரத்திற்குப் பிடியரிசி சேர்த்த பெண்களின் கணக்குப் புத்தகம் எங்கே என்று கேளாது.

மூன்றாவது, பூசல்கள் மறைக்கப்படுகின்றன. சாதியால் பிரிந்த அமர்விடம், கல்லறைத் தோட்டத்தைப் பற்றிய வழக்கு, சபை நீக்கம், திரும்பச் சேர்த்தல் ஆகியவற்றை அறியாத சபை எது? ஆயினும் எந்த மலரிலும் சபையார் ஒருமனப்பட்டே வாழ்ந்திருக்கிறார்கள். கொரிந்து சபையாரின் வழக்குகளை மறைக்காமல் எழுதிய பவுலடிகளைப் போதிக்கும் நாம், நம் சபையின் வழக்குகளை மட்டும் மறைத்துவிடுகிறோம்.

2. தொலைவில் உள்ள வாசகருக்கு எழுதப்பட்டவை

மலர் எழுதுவோர் வேறு என்ன செய்ய இயலும் என்று கேட்கலாம். அவர்கள் கையாளும் மூலங்கள் பெரும்பாலும் இருவகையின. ஒன்று அரசுப் பதிவுகள். கர்னல் ரீடும் அவருடைய உதவியாளர்களும் தொகுத்த பாராமகால் பதிவுகள், லெ ஃபானு தொகுத்து 1883-இல் வெளிவந்த சேலம் மாவட்டக் கையேடு, ரிச்சர்ட்ஸ் எழுதி 1918-இல் வெளிவந்த சேலம் கெசட்டியர் ஆகியவை இவ்வகையின. உழைப்பால் உயர்ந்த நூல்களாயினும், இவற்றில் குடியானவன் தீர்வையாகவும், சாதி அட்டவணையில் ஓர் எண்ணாகவுமே தோன்றுகின்றான். மற்றொன்று மிஷன் அறிக்கைகள். இவை காணிக்கை அனுப்பிய அயல்நாட்டு விசுவாசிகளுக்காக எழுதப்பட்டவை. எனவே அவர்கள் உள்ளம் உருகுவதற்கு ஏற்ற நிகழ்ச்சிகளே அவற்றில் முதலிடம் பெறுகின்றன.

இவ்விருவகை எழுத்துக்களும் தொலைவிலிருக்கும் வாசகரை முன்னிட்டு எழுதப்பட்டவை. தொலைவிலேயே பெரிதும் பாதுகாக்கவும் படுகின்றன. அரசுப் பதிவுகள் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் இலண்டனிலும் உள்ளன. மிசூரி சினாடின் ஆவணங்களுக்குரிய இடம் செயின்ட் லூயிஸ் நகரில் 1927-இல் நிறுவப்பட்ட கன்கார்டியா வரலாற்று நிலையம். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த இராஜாஜியின் தாள்களைக் காண விரும்புவோரும் புதுதில்லிக்கே செல்லவேண்டியிருக்கிறது. பெரியவர்களின் தாள்கள் தலைநகரங்களில் காக்கப்படுகின்றன. சிறியவர்களின் தாள்களோ வீட்டுப் பரணில் கறையானுக்கு விடப்படுகின்றன.

இங்கு நம் மாணவர்களிடம் ஒரு கேள்வி. ஐந்தாகமத்தின் மூலங்களைப் பிரித்தறியவும், நற்செய்திப் பகுதி ஒவ்வொன்றின் வாழ்க்கைச் சூழல் யாது என்று வினவவும் நாம் அவர்களுக்குக் கற்பிக்கிறோம். ஆனால் தம் சபையின் நிர்வாகக் குழு நடவடிக்கைக் குறிப்பை எழுதியவர் யார், யாருக்காக எழுதினார், எதை விட்டுவிட்டார் என்று அவர்களுள் எத்தனை பேர் வினவியிருக்கிறார்கள்?

3. வீட்டுப் பெட்டியில் உள்ளவை

நாம் வீடு சந்திப்புக்குச் சென்ற நாட்களில், முதியோர் சிலர் தகரப் பெட்டியைத் திறந்து காட்டியதுண்டு. அவற்றில் இருந்தவை: ஞானஸ்நானச் சீட்டு, கிரயப் பத்திரம், அடமானப் பத்திரம், புரோநோட்டு, பட்டா, திருமண அழைப்பிதழ், பஞ்ச காலத்தில் எழுதிய கடிதம், பள்ளி ஆசிரியரின் நன்னடத்தைச் சான்று, எழுத்தழிந்த நிழற்படம். வேதாகமத்தின் முன்தாளில் மூன்று தலைமுறைகளின் பிறப்பும் இறப்பும் வெவ்வேறு கையெழுத்தில் குறிக்கப்பட்டிருந்ததைக் கண்டோம். அத்தாளில் ஒரு குழந்தையின் பிறந்த நாளும் மரித்த நாளும் ஒரே வாரத்திற்குள் இருந்தன, பெயர் எழுதப்படவில்லை. எந்த அறிக்கையிலும் காண இயலாத துக்கம் அது.

இப்பகுதியின் பெட்டிகளுக்குத் தனித்தன்மை ஒன்று உண்டு. ஓசூர் வட்டாரத்தில் தெலுங்கும் கன்னடமும் தமிழோடு கலந்து வழங்குகின்றன. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது இப்பகுதி சென்னை மாநிலத்திலேயே நின்றது. இன்றைய பிள்ளைகளுட் பலர் தமிழும் ஆங்கிலமும் மட்டுமே படிக்கிறார்கள். ஆகவே, பாட்டனார் தெலுங்கில் எழுதிய பத்திரம் பேரனுக்கு வெறுங்காகிதம். மேலும், 1980 நவம்பரில் தமிழக அரசு கர்ணம், மணியக்காரர் முதலிய பகுதிநேரக் கிராம அதிகாரிப் பதவிகளை ஒழித்தது. அரசிடம் ஒப்படைக்கப்பட்ட கணக்குகள் போக, வீடுகளிலேயே தங்கிவிட்ட பழந்தாள்களும் உண்டு. வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டும்போது அவை பழைய பேப்பர்க்காரரின் தராசுக்குச் செல்கின்றன.

இனி, வந்தேறிய குடும்பங்களின் தாள்கள். இன்று ஓசூர்ச் சபைகளில் அமர்ந்திருப்போருட் பலர் வேலை தேடி வந்தவர்கள். திருநெல்வேலியிலிருந்தும் கன்னியாகுமரியிலிருந்தும் வந்தவர்கள் உண்டு. கோலார் தங்கச் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டபின் பிழைப்பைத் தேடிப் புறப்பட்டவர்களும் உண்டு. இவர்களுடைய தொழிற்சங்கச் சீட்டு, இ.எஸ்.ஐ. அட்டை, ஆலை அடையாள அட்டை, ஊரிலுள்ள தாய்க்கு எழுதிய கடிதம் ஆகியவை வரலாறாகுமா என்று சிலர் ஐயுறலாம். இத்தொழில் நகரின் திருச்சபை வரலாற்றை நாளை எழுதப் புகுவோருக்கு இவையே முதல் மூலங்கள். இன்று ஆலை விடுதிகளில் தங்கிப் பணிபுரியும் இளம்பெண்களோ கடிதமும் எழுதுவதில்லை. அவர்களுடைய மடல்கள் கைப்பேசியில் தோன்றிக் கைப்பேசியோடு மறைகின்றன.

குடும்பத் தாள்களும் திறனாய்வுக்கு அப்பாற்பட்டவை அல்ல. குடும்பங்கள் தம் பெருமையைக் கூட்டிச் சொல்லும். இல்லாத முன்னோரைச் சேர்க்கும். பெண்மக்களின் பெயர்களை விட்டுவிடும். ஆயினும் புரோநோட்டு எவரையும் உருக்குவதற்காக எழுதப்பட்டதன்று. அதன் சாட்சி ஆரவாரமற்றது, அதனாலேயே மதிப்புள்ளது.

4. முன்னோர் காட்டும் வழி

குடும்பத் தாள்கள் நாட்டு வரலாறாக மாறியதற்குச் சான்றுகள் உண்டு. புதுவை ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு, அவர் மறைந்தபின் நெடுங்காலம் வீட்டிலேயே கிடந்தது. 1846-இல் கலுவா மோம்பிரோன் என்னும் பிரெஞ்சுக்காரர் அதைக் கண்டறிந்தார். அதற்குள் சில பகுதிகள் அழிந்துபோயின. நம் திருச்சபைக்கே உரிய சான்று தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். 1864-இல் மறைந்த அவருடைய கையெழுத்துப் படிகளைச் சந்ததியார் பேணினர். அவற்றுட் பல இன்று பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியின் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. ஓசூரிலிருந்து ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தொலைவில் இத்தகைய காப்பகம் இருக்க, நம் சபைப் பதிவேடுகள் குருமனைக் குளியலறைக்கு மேலுள்ள பரணில் கிடப்பதற்கு நாம் என்ன சமாதானம் சொல்வோம்?

அண்மைக்காலத்தில் புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவுறும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியுடன், தமிழகக் கிராமங்களில் குடும்பங்களிடமிருந்த ஓலைகள், செப்பேடுகள், பத்திரங்கள் ஆகியவற்றை மின்பதிவு செய்தனர். 1650 முதல் 1950 வரையிலான வேளாண் வாழ்வின் வரலாறு அதன் நோக்கம். பழைய நிழற்பட நிலையங்களின் படங்களையும் அவர்கள் பதிவு செய்தனர். மூலத்தை உரியவரிடமிருந்து பறித்துச் செல்லாமல் படியை மட்டும் எடுப்பது இம்முறையின் சிறப்பு. ஆயினும் இதற்கும் ஓர் எல்லை உண்டு. நிழற்படத்தில் நிற்பவள் யாருடைய மகள் என்பதை எந்தப் பொறியும் சொல்லாது. அதைச் சொல்லத்தக்க பாட்டி சபையின் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறாள். அவளிடம் கேட்கும் வாய்ப்பு ஆய்வாளரைவிட ஆயருக்கே மிகுதி.

5. கிழிக்கும்படி கேட்கப்பட்ட பக்கம்

இதுவரை சொன்னவற்றை மறுப்பார் அரிதே. 'எல்லாவற்றையும் சேகரியுங்கள், யாவருக்கும் திறந்து வையுங்கள்' என்று இக்கட்டுரையை முடித்துவிடவும் நமக்கு ஆசை இருந்தது. ஓர் அனுபவம் நம்மைத் தடுத்தது.

ஒரு சபையில் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் புதிதாகப் பைண்டு செய்ய எடுத்தபோது, பெரியவர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்து, "ஐயரே, எங்கள் குடும்பம் இருக்கிற பக்கத்தை எடுத்துவிட முடியுமா? பேரப்பிள்ளைக்குச் சான்றிதழ் கேட்டிருக்கிறோம்" என்றார். அவர் குரலில் வெட்கமும் அச்சமும் கலந்திருந்தன. நாம் உடனே விடை சொல்லவில்லை.

அவர் அச்சம் காரணமற்றதன்று. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்கள் அல்லாதாரைப் பட்டியல் சாதியினராக ஏற்கவில்லை. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் அதில் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர் இன்றளவும் சேர்க்கப்படவில்லை. தமிழகத்தில் கிறிஸ்தவரான ஆதிதிராவிடர் பிற்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரிப் பெண்ணொருவரின் சான்றிதழ் வழக்கைத் தள்ளுபடி செய்தபோது, அவருடைய ஞானஸ்நானமும் சான்றுகளுள் ஒன்றாகக் கொள்ளப்பட்டது. கிருபையின் அடையாளமாக நாம் எழுதிய வரி, ஓர் ஏழைக் குடும்பத்திற்கு எதிரான சாட்சியாக நிற்கக்கூடும். நகரத்துச் செல்வர் வீட்டு ஆவணங்களைக் காக்கும்போது எழாத சிக்கல் இது.

வேதம் இதை அறியாததன்று. சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்களுள், வம்ச அட்டவணையில் தங்கள் பெயரைத் தேடியும் காணாத சில குடும்பத்தார் ஆசாரிய ஊழியத்தினின்று விலக்கப்பட்டதை எஸ்றா இரண்டாம் அதிகாரம் கூறுகின்றது. பதிவேடு ஒருவனைச் சேர்க்கவும் செய்யும், தள்ளவும் செய்யும். ஆவணத்தைப் புகழ்ந்து எழுதுவோர் இவ்விரண்டையும் சேர்த்து நினைப்பதில்லை. நம் மலர்களைப் போலவே நம் ஆவண ஆர்வமும் ஏழையின் அச்சத்தை மறந்துவிடக்கூடும்.

பெரியவருக்கு நாம் மறுநாள் விடை சொன்னோம். பக்கத்தைக் கிழிக்கமாட்டோம், அதில் அவருடைய தாயாரின் பெயரும் இருந்தது, அவரைப் பற்றி எழுதப்பட்ட எழுத்து உலகில் வேறெங்கும் இல்லை. ஆனால் அப்பதிவேட்டைக் குடும்பத்தார் அல்லாத எவருக்கும் வேடிக்கையாகவோ ஆராய்ச்சிக்காகவோ காட்டமாட்டோம். சட்டப்படி கேட்கப்பட்டால் பொய்யுரைக்கமாட்டோம் என்பதையும் மறைக்காமல் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு, "அம்மா பெயரை ஒருமுறை வாசியுங்கள்" என்றார். வாசித்தோம். நம் விடை அவர் சுமையை நீக்கவில்லை. பதிவேட்டில் பிழை இல்லை. அநீதி அந்த ஆணையில் இருக்கிறது. அதை நீக்கக் குரல்கொடாத திருச்சபை, பதிவேட்டை மட்டும் பத்திரமாகக் காப்பது போதுமா என்னும் கேள்வி இன்றும் நம்மை விட்டகலவில்லை.

6. முத்திரையிட்டதும் திறந்ததும்

எரேமியா முப்பத்திரண்டாம் அதிகாரத்தில் ஒரு குடும்ப ஆவணம் பேசப்படுகின்றது. எருசலேம் முற்றுகையிடப்பட்டிருக்கிறது, தீர்க்கதரிசி காவலில் இருக்கிறார். அந்நிலையில் ஆனதோத்திலுள்ள உறவினன் நிலத்தைப் பதினேழு சேக்கல் வெள்ளி கொடுத்து வாங்குகிறார். சாட்சிகள் கையெழுத்திடுகின்றனர். பத்திரம் இரண்டு: ஒன்று முத்திரையிடப்பட்டது, மற்றொன்று திறந்திருப்பது. இரண்டையும் நெடுநாள் நிலைக்கும்படி மண்பாண்டத்தில் வைக்குமாறு பாரூக்கிடம் சொல்லப்படுகின்றது. சாடிகளில் வைக்கப்பட்ட சுருள்கள் எத்துணைக் காலம் நிலைக்கும் என்பதற்கு 1947 முதல் கும்ரானில் வெளிப்பட்டவை சான்று பகரும்.

நம் சபைக் காப்பகத்திற்கு இதனினும் சிறந்த ஒழுங்கு வேண்டியதில்லை. மூலம் குடும்பத்திற்கே உரியது. அவர்கள் மனமுவந்து தந்தாலன்றி வாங்கலாகாது. படி எடுக்க எழுத்தால் இசைவு பெறவேண்டும். யார் தந்தது, எந்த வீட்டுப் பெட்டியில் எவ்வரிசையில் இருந்தது என்பதைக் குறித்து, அவ்வரிசையைக் கலைக்காமல் வைக்கவேண்டும். தெலுங்கு, கன்னடம் படிக்கத்தக்க முதியோர் இருக்கும்போதே ஒவ்வொன்றின் சுருக்கத்தையும் தமிழில் எழுதிவிடவேண்டும். நிழற்படத்தில் உள்ளோர் பெயரைப் படத்தின்மேல் எழுதாமல், உறையின்மேல் பென்சிலால் எழுதவேண்டும். லேமினேஷனும் செல்லோ டேப்பும் தாளைக் கொல்லும். துவைத்த பருத்தித் துணியும் ஈரம் படாத அலமாரியும் போதும். இராமபாணப் பூச்சிக்கு ஆண்டுக்கு இருமுறை பிரித்துப் பார்ப்பதே மருந்து. ஒரு படி சபையிலும், மற்றொரு படி இறையியல் கல்லூரிக் காப்பகத்திலும் இருக்கட்டும்.

இவற்றினும் முதன்மையானது, எதை முத்திரையிடுவது, எதைத் திறந்து வைப்பது என்னும் தீர்மானம். நிலப்பத்திரங்களும் கடிதங்களும் குடும்பத்தார் இசைந்தால் திறந்திருக்கலாம். ஞானஸ்நான, ஒழுங்கு நடவடிக்கைப் பதிவேடுகள், அவற்றில் குறிக்கப்பட்டோரும் அவர்தம் பிள்ளைகளும் வாழும் காலமட்டும் முத்திரையோடு இருக்கட்டும். இத்தீர்மானத்தை ஆயர் ஒருவராகச் செய்யலாகாது. பதிவேட்டால் துன்புறக்கூடிய குடும்பங்களின் பிரதிநிதிகளும் அக்குழுவில் அமரவேண்டும். முத்திரையிடுதல் அழித்தலன்று. முற்றுகைக் காலத்தில் புதைக்கப்பட்ட பத்திரம், விடுதலைக் காலத்தில் திறக்கப்படுவதற்காகவே எழுதப்பட்டது.

அடுத்த மலருக்குக் கட்டுரை கேட்டு நம்மிடம் வரும் உடன் ஊழியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாழ்த்துரைகளில் இரண்டைக் குறையுங்கள். விளம்பரத்தில் மிஞ்சும் பணத்தில் ஓர் இரும்பு அலமாரி வாங்குங்கள். மலர் வெளியீட்டுக்கு ஓராண்டு முன்பே, சபையின் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கும் அப்பாட்டியின் வீட்டுக்குச் சென்று, பெட்டியைத் திறக்கும்படி அன்போடு கேளுங்கள். திறக்க அவர் தயங்கினால், தயக்கத்தின் காரணத்தையும் கேளுங்கள். நம் சபையின் வரலாறு அங்கிருந்தே எழுதத் தொடங்கத்தக்கது.